நேற்று என்ன படித்தீர்கள், தோழர்?

(கட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வகுப்பில் பேசுவதற்காக எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘மக்களிடம் வாசிப்பைக் கொண்டுசெல்வோம்’ என்பது. தலைப்பிலிருந்தே தொடங்குகிறேன். ‘கொண்டுசெல்வோம்’ என்று சொல்லும்போது, வாசிப்பு நம்மிடம் இருக்கிறது, மக்களிடம் இல்லை என்ற இரண்டு முடிவுகளை நாம் முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம். அந்த இரண்டு முடிவுகளும் சரிதானா என்று பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

நமக்குள் ஒருவரையொருவர், “எந்த நூலை விரும்பிப் படிப்பீர்கள்?” என்று கேட்டுக்கொள்வதுண்டு. உடனே விடை வந்துவிடும். கார்க்கியின் ‘தாய்’ என்போம். ‘கம்யூனிஸ்ட் அறிக்கை’ என்போம். பொய்யான விடை என்று சொல்லமாட்டேன். என்றோ படித்ததைச் சொல்கிறோம். படிக்க வேண்டும் என்று நினைப்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். கேள்வியைச் சற்றே மாற்றுவோம். “நேற்று காலை கண் விழித்ததிலிருந்து இரவு உறங்கப் போகும்வரை எழுத்து வடிவில் எதையெல்லாம் படித்தீர்கள்?” இப்போது நாம் கொஞ்சம் தயங்குவோம். தேநீர்க் கடையில் நாளிதழின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது அதிலிருந்த இராசிபலன், கைபேசியில் யாரோ அனுப்பிய நீண்ட செய்தி, மின்கட்டணக் குறுஞ்செய்தி, பிள்ளையின் பள்ளிக் குறிப்பேடு, கிரிக்கெட் விவரம். நமது வார இதழ்? அஞ்சலில் வந்த உறை பிரிக்கப்படாமல் மேசையில் இருக்கிறது. கிளையில் கொடுத்த கட்டு, கட்டிய கயிறு அவிழாமல் அலுவலக மூலையில் இருக்கிறது.

யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மக்கள் அன்றாடம் எதைத் தேர்ந்து படிக்கிறார்கள் என்பதற்கும், எதைப் படிக்கவேண்டும் என்று மற்றவர்கள் அவர்களுக்காக முடிவு செய்கிறார்கள் என்பதற்கும் இடையிலுள்ள தூரம் புதியதன்று. இந்த நாட்டில் அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

மெக்காலே நினைத்ததும் மக்கள் எடுத்ததும்

1835இல் மெக்காலே தனது கல்விக் குறிப்பை எழுதினார். ஆங்கிலேயரின் உயர்ந்த இலக்கியத்தைப் படித்து, அவர்களுடைய ரசனையையே தன் ரசனையாகக் கொண்ட ஒரு வகுப்பு இந்தியாவில் உருவாகும் என்பது அவருடைய கணக்கு. பாடத்திட்டங்கள் அதற்கேற்பவே வகுக்கப்பட்டன. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இந்திய நூலகங்களுடைய பட்டியல்களையும் பதிவேடுகளையும் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் வேறொரு காட்சியைக் கண்டார்கள். பாடத்துக்கு வெளியே, தம் விருப்பத்தின்பேரில் படித்தபோது, இந்திய வாசகர்கள் பெரிதும் நாடிய ஆங்கில எழுத்தாளர்களில் முன்வரிசையில் இருந்தவர் ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸ். லண்டனின் சந்துகளில் நடக்கும் குற்றங்களையும், பிரபுக்களின் அந்தரங்க ஊழல்களையும், ஏழைகளின் துயரத்தையும் மலிவுவிலைத் தொடர்கதைகளாக எழுதியவர் அவர். அவருடைய நாவல்கள் வங்காளி, உருது, இந்தி எனப் பல மொழிகளுக்குப் பெயர்ந்தன.

இங்கிலாந்தின் இலக்கிய மேட்டிமையினர் ரெய்னால்ட்ஸை மதித்ததில்லை. ஆனால் அவர் சாசன இயக்கத்தைச் சேர்ந்தவர். 1848 மார்ச்சில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் தடையை மீறிக் கூடிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். ஆட்சியாளர்கள் தங்கள் பெருமையைப் படிக்கச் சொன்னார்கள்; வாசகர்களோ அந்த ஆட்சியாளர்களின் அழுக்கைக் காட்டிய கதைகளைத் தேடிப் படித்தார்கள். இதை வெறும் மலிவான ரசனை என்று ஒதுக்கிவிட முடியுமா?

அந்த வாசகர்களில் ஒரு சிறுவனும் இருந்தான். அவனுக்கு அப்போது வயது பதின்மூன்று. கோரக்பூரில் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். உருது நாவல்கள் மீது அடங்காத பசி, வாங்கக் காசில்லை. கடைத்தெருவில் இருந்த ஒரு புத்தகக் கடைக்காரரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டான். அவருடைய கடையிலிருந்த ஆங்கிலப் பாடக் குறிப்பேடுகளைப் பள்ளியில் சக மாணவர்களிடம் விற்றுத் தருவது. அதற்கு ஈடாக நாவல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பது. இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நாவல்களை இப்படிப் படித்தான். ரெய்னால்ட்ஸின் உருது மொழிபெயர்ப்புகள், மாயாஜாலமும் மந்திரவாதிகளும் நிறைந்த ‘தில்ஸ்மே ஹோஷ்ரூபா’, உருதுவில் வந்த புராணங்கள் எல்லாம் அதில் அடக்கம். பிற்காலத்தில் அந்தச் சிறுவன் பிரேம்சந்த் என்ற பெயரில் எழுதினார். 1936இல் லக்னோவில் கூடிய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். தம் வாசிப்பின் தொடக்கம் எதுவென்பதை அவர் மறைக்கவில்லை, தாமே எழுதிவைத்தார்.

உழவரின் கடனையும் தீண்டாமையின் கொடுமையையும் எழுதிய பேனா, மாயாஜாலக் கதைகளைப் படித்த கைகளில்தான் முளைத்தது. அன்று யாரேனும் ஒரு பெரியவர் அந்த நூல்களைப் பிடுங்கி, “உருப்படியானதைப் படி” என்று அதட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

கண்ணூரின் பீடிக் கூடங்கள்

படிக்க நேரமில்லாதவர்கள், பள்ளிக்குப் போகாதவர்கள், நாளெல்லாம் கைவேலை செய்பவர்கள் எப்படித் தேர்ந்து படித்தார்கள்? இதற்கு விடை காண வடகேரளத்துக்குச் செல்வோம்.

பீடி சுற்றும் தொழிலாளியின் கைகளுக்கு ஓய்வில்லை, காதுகளுக்கு வேலையில்லை. கண்ணூர்ப் பகுதியின் பீடிக் கூடங்களில் தொழிலாளர்கள் ஒரு வழக்கத்தை உருவாக்கினார்கள். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவார்கள். படிப்பவருக்குக் கூலி குறையக்கூடாது. எனவே மற்றவர்கள் ஆளுக்குச் சில பீடிகள் கூடுதலாகச் சுற்றி அவருடைய பங்கை நிறைவு செய்வார்கள். காலையில் நாளிதழ்கள். அதுவும் ஒரு கட்சியின் நாளிதழ் மட்டுமன்று. மாற்றுக் கருத்துடைய இதழ்களும் வரும். பிற்பகலில் நாவல், சிறுகதை, அரசியல் கட்டுரை. படித்து முடித்ததும் விவாதம். எதைப் படிப்பது என்பதைக் கேட்பவர்களே முடிவு செய்தார்கள்.

1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கேரளத்தில் அதை நடைமுறைப்படுத்தும் முயற்சி தொடங்கியதும், பெரிய தனியார் முதலாளிகள் பட்டறைகளை மூடிவிட்டு வெளியேறினார்கள். பன்னிரண்டாயிரம் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அப்போது, 1969 பிப்ரவரியில், தொழிலாளர்களின் கூட்டுறவாகத் தினேஷ் பீடி தோன்றியது. வாசிப்பு வழக்கம் அங்கும் தொடர்ந்தது. நாள்தோறும் ஒன்றாக அமர்ந்து படித்துக் கேட்டு விவாதித்த தொழிலாளர்களுக்கு, ஒன்றாகச் சேர்ந்து ஒரு நிறுவனத்தை நடத்துவது முற்றிலும் அந்நியமான வேலையாக இருந்திருக்க முடியாது.

இதே வழக்கம் கடல் கடந்து கியூபாவிலும் உண்டு. ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் வாசிப்பவர் மேடையேறினார். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து அவருக்கு ஊதியம் கொடுத்தார்கள். எந்த நாவல் என்பதை வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே காலனிய ஆட்சி அதைத் தடைசெய்யப் பார்த்தது. ‘மாண்டிகிறிஸ்டோ’ என்ற பெயரில் இன்றும் விற்கும் சுருட்டு, ஆலைகளில் விரும்பிக் கேட்கப்பட்ட அலெக்சாந்தர் துய்மாவின் நாவலால் அப்பெயர் பெற்றது.

வஞ்சிக்கப்பட்டு, சிறையிலிருந்து தப்பி, வஞ்சித்தவர்களைப் பழிவாங்கும் ஒருவனின் கதை அது. கிராம்சி தம் சிறைக் குறிப்புகளில் இதே நாவலைப் பற்றிச் சிந்தித்தார். இத்தாலிய மக்கள் தம் நாட்டு எழுத்தாளர்களை விட்டுவிட்டுப் பிரெஞ்சுத் தொடர்கதைகளை ஏன் தேடிப் படிக்கிறார்கள் என்று கேட்டார். மக்களின் ரசனை கெட்டுவிட்டது என்று அவர் விடை சொல்லவில்லை. இத்தாலிய அறிவாளர்கள் மக்களின் உணர்வுகளிலிருந்து விலகி நிற்பதையே காரணமாகக் கண்டார். மக்கள் இன்று எதைப் படிக்கிறார்களோ, அந்த மண்ணில் வேர்விடாமல் புதிய இலக்கியம் வளராது என்பது அவருடைய கருத்தின் சாரம்.

பைங்கிளியும் நூலகமும்

கேரளம் என்றதும் நூலக இயக்கத்தைச் சொல்வோம். பி.என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர்க் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கினார். சிற்றூர்தோறும் நூலகம் வளர்ந்தது. 1975இல் அந்த இயக்கத்துக்கு யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது கிடைத்தது. லெனினின் துணைவியாரும் சோவியத் நூலகப் பணியின் முன்னோடியுமான குரூப்ஸ்கயாவின் பெயரிலான விருது அது. பணிக்கர் மறைந்த ஜூன் 19 இன்று கேரளத்தில் வாசிப்பு நாள்.

இது நாம் விரும்பிச் சொல்லும் பாதி. மறுபாதியும் உண்டு. அதே கேரளத்தில், அதே ஆண்டுகளில், கோட்டயத்திலிருந்து வெளிவந்த வார இதழ்களின் தொடர்கதைகளை இலட்சக்கணக்கானோர் காத்திருந்து படித்தார்கள். 1980களின் நடுவில் ‘மங்களம்’ வார இதழ் பதினைந்து இலட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. இவ்வகை எழுத்துக்கு விமர்சகர்கள் வைத்த பெயர் ‘பைங்கிளி’. முட்டத்து வர்க்கியின் ‘பாடாத பைங்கிளி’ என்ற நாவலிலிருந்து வந்த பெயர். காதல், கண்ணீர், ஏழைப் பெண், பணக்கார வீடு. முற்போக்காளர்களும் நவீன எழுத்தாளர்களும் சேர்ந்து அதை எள்ளினார்கள்.

அந்த இதழ்களை யார் படித்தார்கள்? வீட்டுவேலை முடித்த பெண்கள், கடை ஊழியர்கள், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்கள். ஒரே பிரதி நான்கைந்து வீடுகளுக்குக் கைமாறியது. நெடிய வாக்கியங்களுக்குப் பழகாத ஒருவருக்கு, தொடர்கதைதான் தடுமாறாமல் ஒரு பக்கத்தைக் கடக்கும் பயிற்சியைத் தந்தது. மலையாளத்தின் பெருவாரியான மக்களை வாசகர்களாக்கியதில் வர்க்கிக்குப் பங்குண்டு என்பதைப் பின்னர் இலக்கிய உலகமும் ஏற்றுக்கொண்டது. அவருடைய பெயரில் நிறுவப்பட்ட விருதை முதலில் பெற்றவர் ஓ.வி. விஜயன். எந்த நவீனத்துவம் பைங்கிளியை எள்ளியதோ, அதன் தலைமகன்.

இதனால் பைங்கிளிக் கதைகளில் உள்ள பிற்போக்கை நான் நியாயப்படுத்துவதாகக் கொள்ள வேண்டாம். பெண்ணின் பொறுமையைப் போற்றிய கதைகள் அவை. சாதியையும் சொத்தையும் கேள்வி கேட்கத் துணியாதவை. விமர்சிக்கத்தான் வேண்டும். ஆனால் படித்தவர்களை எள்ளுவது விமர்சனமாகாது.

கோரக்பூரின் இன்னோர் அச்சகம்

பிரேம்சந்த் படித்த அதே கோரக்பூருக்குத் திரும்புவோம். 1923இல் அங்கே கீதா பிரஸ் தொடங்கப்பட்டது. மூன்றாண்டுகளில் ‘கல்யாண்’ என்ற மாத இதழ் வந்தது. நூறு ஆண்டுகளில் நாற்பது கோடிக்கும் மேற்பட்ட நூல்களை, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில், அந்நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. பசுப் பாதுகாப்பு, வருணாசிரமம், பெண்களுக்கான கட்டுப்பாடுகள் ஆகியவற்றைப் பக்தி நூல்களின் வழியே வட இந்தியாவின் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. இந்துத்துவ அரசியலுக்கான மண்ணைப் பண்படுத்தியதில் அதன் பங்கு பெரிது. 2021ஆம் ஆண்டுக்கான காந்தி அமைதிப் பரிசை ஒன்றிய அரசு அதற்கு அறிவித்தது தற்செயலன்று.

அதன் கருத்தை நாம் எதிர்க்கிறோம். அதன் வேலைமுறையைப் படித்திருக்கிறோமா? நூல் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. எழுத்து பெரிதாக இருக்கிறது. வயதானவர் கண்ணாடியைத் தேடாமல் படிக்கலாம். இரயில் நிலைய நடைமேடையில் கிடைக்கிறது. சட்டைப் பையில் அடங்குகிறது. காலையில் குளித்தபின் பத்து நிமிடம் என்ற நேரத்தில் பொருந்துகிறது. மக்கள் அதை எடுப்பதற்குப் பக்தி ஒரு காரணம். இவையெல்லாம் மற்ற காரணங்கள். இன்று அந்த வேலையைக் கைபேசிச் செய்தி செய்கிறது. அதற்கு விலையே இல்லை. உறவினரின் பெயரோடு வருகிறது. அரை நிமிடத்தில் படித்து முடிகிறது. வெறுப்பைப் பரப்புபவர்கள் வாசகரின் நாளை நம்மைவிட நன்றாக அறிந்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி.

இந்த வேலைமுறை நமக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் ஆகியவற்றின் நூல்கள் இந்திய மொழிகளில் வந்தன. தமிழில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனமும், பிற மொழிகளில் அதுபோன்ற நிறுவனங்களும் அவற்றை ஊர் ஊராக எடுத்துச் சென்றன. கெட்டி அட்டை, நல்ல தாள், மிகக் குறைந்த விலை. அவற்றுள் மக்கள் எவற்றை எடுத்தார்கள் என்பதையும் நினைவுகூர வேண்டும். சிறுவர் கதைகளை எடுத்தார்கள். பெரல்மானின் இயற்பியலை எடுத்தார்கள். கார்க்கியையும் தல்ஸ்தோயையும் எடுத்தார்கள். மாநாட்டு அறிக்கைகள் பெரும்பாலும் அலமாரியிலேயே இருந்தன. ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாள்களைப் பிள்ளைகள் பாடநூல்களுக்கு அட்டை போட்டார்கள். அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அட்டையிலிருந்த படத்தை ஓராண்டு முழுவதும் பார்த்த பிள்ளை, சோவியத் என்ற சொல்லை மறக்கவில்லை.

பன்னிரண்டு மணி நேரம் படிக்கும் இளைஞர்

இன்று இந்தியாவில் அச்சிட்ட எழுத்தை மிகத் தீவிரமாகப் படிப்பவர் யார் என்று கேட்டால், என் விடை: அரசு வேலைக்காகத் தேர்வு எழுதும் இளைஞர். ஆக்ராவிலிருந்து வரும் ‘பிரதியோகிதா தர்ப்பண்’ போன்ற தேர்வு மாத இதழ்களும் பொது அறிவுக் கையேடுகளும் இந்தி மாநிலங்களில் இலட்சக்கணக்கில் விற்கின்றன. பாட்னாவிலும் பிரயாக்ராஜிலும் ‘லைப்ரரி’ என்ற பலகை தொங்கும் பல கூடங்களில் நூல்களே இல்லை. நாற்காலி, மேசை, மின்விசிறி, இணைய இணைப்பு ஆகியவற்றை மாத வாடகைக்குத் தருகிறார்கள். நெரிசலான விடுதி அறையில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத உழவர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் படிக்கிறார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். விடுதலைப் போராட்டத்தின் தேதிகள் அவர்களுக்கு அத்துப்படி.

இவர்களைப் பார்த்து, ‘இளைய தலைமுறை படிப்பதில்லை’ என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இவர்கள் தேர்ந்து படிக்கிறார்களா, வேலையின்மை இவர்களைப் படிக்கவைக்கிறதா என்பது நியாயமான கேள்வி. விருப்பத்துக்கும் நெருக்கடிக்கும் நடுவில் கோடு போடுவது எளிதன்று. பொழுதுபோக்குக்காகப் படிப்பவரும் தம் நேரம், பணம், களைப்பு ஆகியவற்றின் எல்லைக்குள்தான் தேர்கிறார். ஆனால் சட்டத்தின் பிரிவுகளை நெட்டுருப் போடும் இளைஞரிடம், அந்தப் பிரிவு எந்தப் போராட்டத்தில் பிறந்தது, இன்று யார் அதை மீறுகிறார்கள், காலிப் பணியிடங்கள் ஏன் நிரப்பப்படவில்லை என்று அவருக்குத் தேவையான மொழியில் சொல்லும் ஒரு சிறுநூலை நாம் கொடுத்திருக்கிறோமா? அவர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பும் பொறுப்பு நம்முடையது.

செய்ய வேண்டியது என்ன?

1913இல் லெனின், நியூயார்க் பொது நூலகத்தின் ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். அரிய நூல்கள் எத்தனை பூட்டிவைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அவர் பெருமையாகக் கருதவில்லை. எத்தனை நூல்கள் மக்களின் கைகளில் சுற்றுகின்றன, கேட்ட நூல் எவ்வளவு விரைவில் கிடைக்கிறது, எத்தனை குழந்தைகள் நூலகத்துக்கு ஈர்க்கப்படுகிறார்கள் என்பதையே அளவுகோலாகக் கொண்டார். புரட்சிக்கு நான்காண்டுகளுக்கு முன், அயல்நாட்டில் இருந்துகொண்டு, ஒரு முதலாளித்துவ நாட்டின் நூலகத்திடமிருந்து கற்றுக்கொள்ள அவர் தயங்கவில்லை. நாம் அந்த அளவுகோலை நமது கட்சி அலுவலகங்களிலுள்ள அலமாரிகளுக்கும் நமது வார இதழுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மூன்று வேலைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கேட்பது. ஒவ்வொரு தோழரும் ஒரு மாதத்தில் ஐந்து வீடுகளுக்குச் சென்று, ‘நேற்று என்ன படித்தீர்கள்?’ என்று கேட்டு வரட்டும். வீட்டிலுள்ள பெண்களிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே கேட்க வேண்டும்; குடும்பத் தலைவரின் விடையை வீட்டின் விடையாக எழுதிக்கொள்ளக் கூடாது. நாட்காட்டியையும் கைபேசிச் செய்தியையும் வெட்கமின்றிச் சொல்லும் வகையில் கேட்க வேண்டும். அறிவுரை சொல்லாமல் திரும்பி வர வேண்டும். இதுவே கடினமான பகுதி.

இரண்டாவது, உரக்கப் படிப்பது. பீடிக் கூடத்தின் வழக்கத்தை வேறு வடிவங்களில் மீட்க முடியும். கிளைக் கூட்டத்தின் முதல் கால்மணி நேரத்தில் இதழின் ஒரு கட்டுரையை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். கேட்பவருக்கு எங்கே சலிப்பு வருகிறது, எந்தச் சொல் புரியவில்லை என்பதைக் குறித்து ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள். வாயால் படிக்க முடியாத வாக்கியம் கண்ணாலும் படிக்கப்படுவதில்லை. மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம் தோழர்களின் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அவர்களுக்கு உரக்கப் படிப்பது ஒன்றே வழி.

மூன்றாவது, நம்மை மாற்றிக்கொள்வது. இதழில் என்ன எழுதுவது என்பதைக் கேட்டு வந்த விடைகளை வைத்து முடிவு செய்வோம். வாசகர்கள் கேட்டதையெல்லாம் கொடுப்போம் என்று இதற்குப் பொருளன்று. அது வணிக இதழின் வழி. அவர்கள் தேடுவது நீதியென்றால், அதைத் தனிமனிதப் பழிவாங்கலில் தேடுகிறார்களா, கூட்டுப் போராட்டத்தில் தேடுகிறார்களா என்பதில்தான் நாம் தலையிட வேண்டும். தேடல் ஏற்கெனவே இருக்கிறது.

கண்ணூரின் தொழிலாளி தன் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து, தான் தேர்ந்ததைக் கேட்டார். விலை கொடுத்துப் பெற்றதால் அது அவருடைய வாசிப்பாயிற்று. நமது இதழ் மக்களின் வாசிப்பாக மாறவேண்டுமானால், அவர்கள் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன்னால், அதை விற்கும் நாம் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

எனவே இன்று வீடு திரும்பியதும் முதலில் அந்த உறையைப் பிரியுங்கள். கட்டின் கயிற்றை அவிழுங்கள். ஒரு கட்டுரையையாவது வீட்டில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் பாதியில் எழுந்து போனால், எந்த வரியில் எழுந்து போனார்கள் என்பதை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த வகுப்பில் நான் தலைப்பு எதுவும் கேட்கமாட்டேன். “நேற்று என்ன படித்தீர்கள், தோழர்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டபிறகே பேச்சைத் தொடங்குவேன்.